வி.எஃப்-1 வால்கிரி 1/60: கால் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள்

அமெரிக்கப் போர்விமானமான எஃப்-14 டாம்கேட்டின் அடிவயிற்றைப் படத்தில் பார்த்திருந்தால் ஒன்று கண்ணில் பட்டிருக்கும். அதன் இரண்டு எஞ்சின்களும் ஒட்டிக்கொண்டு இருக்காது. நடுவே நல்ல அகலமான இடைவெளி இருக்கும். ஏவுகணைகளை அங்கேயும் தொங்கவிட்டார்கள். ஜப்பானிய வடிவமைப்பாளர் ஷோஜி கவாமோரி, மேக்ராஸ் அனிமேஷன் தொடருக்காக, ரோபோவாக மாறும் கற்பனைப் போர்விமானமான வி.எஃப்-1 வால்கிரியை வரைந்தபோது அந்தக் காலி இடத்தில் ஒரு ரோபோவின் இரண்டு கைகளையும் மடித்துச் செருகினார். எஞ்சின் கூடு கால் ஆனது, காற்று உள்ளே போகும் வாய் தொடையின் தலைப்பகுதி ஆனது, புகை கக்கும் முனை விரிந்து பாதம் ஆனது. இறக்கையும் டாம்கேட்டைப் போலவே முன்னும் பின்னும் நகரும். விமானத்தில் சும்மா கிடக்கும் பாகம் என்று எதையும் காட்ட முடியாது. அதனால்தான் 1982 அக்டோபரில் மேக்ராஸ் தொடர் ஜப்பானியத் தொலைக்காட்சியில் வந்து நாற்பது ஆண்டுகள் கடந்த பிறகும் இதே வடிவத்தைப் புதிது புதிதாகப் பொம்மையாக வார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

முதலில் செய்தது டகடோகு நிறுவனம், 1/55 அளவில், அதாவது கதையில் வரும் விமானத்தின் 55-ல் ஒரு பங்காக. அது 1984-ல் திவாலானதும் அச்சுகள் பண்டாய் கைக்குப் போயின. அதே பொம்மையைத்தான் 1985-ல் ஹாஸ்ப்ரோ அமெரிக்காவில் ஜெட்ஃபயர் என்ற பெயரில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பெட்டியில் போட்டு விற்றது. பிறகு யமாடோ வந்தது. அதன் முதல் 1/60 பொம்மையில் ரோபோவாக மாற்றக் காலைக் கழற்றி வேறு இடத்தில் மாட்ட வேண்டும். 2002-ல் வந்த 1/48-ல் அந்தத் தொல்லை போனது. அங்கே கற்றதைச் சின்ன அளவுக்கு இறக்கி 2008-ல் தொடங்கியதுதான் இரண்டாம் 1/60 வரிசை. யமாடோவுக்குப் பின் அதை ஆர்காடியா தொடர்ந்தது. இங்கே பேசப்போவது இந்த இரண்டாம் 1/60-ஐப் பற்றி.

முதலில் விமானம். கதைப்படி வி.எஃப்-1-ன் நீளம் 14.23 மீட்டர். 1/60-ல் அது கிட்டத்தட்ட 23.7 சென்டிமீட்டர், ஒரு அடி ஸ்கேலில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். உள்ளங்கையில் அடிவயிற்றைத் தாங்கிப் பிடித்து ஓட்ட இதைவிடப் பொருத்தமான அளவு இல்லை. 1/48 ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் வரும். அதற்கு இரண்டு கை வேண்டும். 1/100 பார்க்க அழகு, ஆனால் விரல் நகத்தால் திறக்க வேண்டிய பாகங்கள் அதிகம்.

மூக்கிலிருந்து வால் வரை கோடு எங்கும் உடையாமல் ஓடுகிறது. காக்பிட் கண்ணாடி திறக்கும், உள்ளே விமானி உட்கார்ந்திருப்பார். சக்கரங்கள் உள்ளேயே மடிந்திருக்கும், தனியாகக் கொண்டுவந்து மாட்ட வேண்டியதில்லை. இறக்கையை முழுக்கப் பின்னுக்குத் தள்ளினால் அம்பு போல ஒடுங்கும். ஏவுகணைத் தொகுப்பு இருந்தால் ஒவ்வொரு இறக்கைக்கும் இரண்டு தாங்கி, தாங்கிக்கு மூன்று, ஆக மொத்தம் பன்னிரண்டு. ஏவுகணை மாட்டியபின் இறக்கையை நகர்த்தாதீர்கள். ஒன்றோடொன்று இடித்து முதலில் தெறிப்பது சின்னத் துடுப்புகள்தான்; தரையில் விழுந்தால் தேடி எடுப்பது கஷ்டம்.

பக்கவாட்டில் பார்த்தால் வயிறு கொஞ்சம் தடிமன்தான். உள்ளே இரண்டு கை, ஒரு தலை, அதற்கும் கீழே ஒரு துப்பாக்கி. இத்தனையும் வைத்துக்கொண்டு இதைவிட ஒல்லியாக இருக்கச் சொல்வது நியாயமில்லை.

இனி கால். விமானமாக இருக்கும்போது கால்கள் உடம்பின் நடுவில், இறக்கை தொடங்கும் இடத்துக்குக் கீழே தொங்குகின்றன. ரோபோவாகும்போது விமானத்தின் மூக்கு கீழ்நோக்கி மடிந்து வயிறும் இடுப்பும் ஆகிவிடும். கால்கள் அந்த மூக்கின் இரு பக்கமும், காக்பிட்டை ஒட்டி வந்து சேர வேண்டும். அதாவது இடுப்பு மூட்டே ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் குடிபெயர வேண்டும். கார்ட்டூனில் இதற்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை, ஒரு நொடியில் நடந்துவிடும். பொம்மை செய்பவர் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒன்று, காலைக் கழற்றி மாட்டச் சொல்லலாம். அல்லது காலையும் மூக்கையும் இணைக்க ஒரு ஊசல்கை, அதாவது ஊசல் போல ஆடும் இணைப்புத் தண்டு வைக்கலாம். இரண்டாம் 1/60 ஊசல்கை வழியை எடுத்தது. விமானத்தில் அந்த ஊசல்கை உடம்புக்குள் ஒளிந்திருக்கும். காலை விடுவித்தால் ஊசல்கை வெளியே வந்து, காலைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய், மூக்கின் பக்கத்தில் உட்காரும். ஒரு பாகமும் கழன்று கையோடு வராது.

மாற்றும் வரிசையைச் சொல்கிறேன், தப்பு நடக்கும் இடங்களோடு.

துப்பாக்கியை முதலில் எடுத்துவிடுங்கள். அடுத்து சக்கரங்கள் உள்ளே போயிருக்கின்றனவா, கதவுகள் மூடியிருக்கின்றனவா என்று பாருங்கள். திறந்த கதவோடு காலை இறக்கினால் கதவின் கீல்தான் அடி வாங்கும். பிறகு இரண்டு கால்களின் பின்முனையையும் மெல்ல வெளிப்பக்கம் விலக்கி, நடுவில் இருக்கும் கைகளிடமிருந்து பிரியுங்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் கீழே இறக்க வேண்டும். ஒன்றை மட்டும் முழுசாக இறக்கிவிட்டு மற்றதைத் தொட்டால், பாரம் ஒரு பக்கம் சாய்ந்து ஊசல்கை முறுக்கிக்கொள்ளும். முறுக்கிக்கொண்ட ஊசல்கையை அழுத்தி நேராக்க வேண்டாம். காலைத் திரும்ப விமான நிலைக்கே கொண்டுபோய் மறுபடி தொடங்குங்கள்.

கைகளை வயிற்றுக்குக் கீழிருந்து பக்கவாட்டுக்கு வெளியே கொண்டுவாருங்கள். இங்கே நிறுத்தினால் அது கெர்வாக்: பாதி விமானம், பாதி ரோபோ. இதைப் பற்றிப் பிறகு.

முழு ரோபோவுக்குப் போக வேண்டுமானால், காலை அதன் பழைய பிடியிலிருந்து விடுவித்து, ஊசல்கையோடு முன்னுக்குத் தள்ளி, மூக்கின் பக்கத்தில் 'டக்' என்று உட்காரவிடுங்கள். அந்தச் சத்தம் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். கேட்காமல் மேலே போனால் பொம்மை நிற்கும். ஆனால் ஒரு இடுப்பு மயிரிழை உயரமாக இருக்கும், பத்து நிமிடத்தில் குப்புற விழும். அடுத்து மூக்கை மடக்குவது. காக்பிட் கண்ணாடி முழுக்க மூடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சற்றே தூக்கியிருந்தாலும் அதன்மேல் வந்து மூடும் கவசத்தகடு கண்ணாடியில் கீறல் போடும். அந்தக் கீறலை எந்தப் பாலிஷும் முழுசாகப் போக்காது.

தலை விமானத்தின் அடிவயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும். அதை மேலே திருப்பிக் கொண்டுவரும்போது தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் லேசர் துப்பாக்கிக் குழாய்கள் மார்பின் விளிம்பில் இடிக்கும். வி.எஃப்-1ஏ வகைக்கு ஒரே குழாய், ஜே வகைக்கு இரண்டு, எஸ் வகைக்கு நான்கு. நான்கு இருப்பது கம்பீரம்தான், சிக்குவதற்கும் நான்கு இருக்கின்றன. எல்லாக் குழாய்களையும் ஒரே திசைக்கு மடித்துக்கொண்டு தலையைக் கன்னத்தில் பிடித்துத் திருப்புங்கள், குழாயைப் பிடித்தல்ல. வால் துடுப்புகள் இருக்கும் பின்பகுதிதான் ரோபோவின் முதுகுப்பை; துடுப்புகளை மடித்த பிறகே அதை மேலே தூக்குங்கள். கடைசியில் இறக்கைகளைப் பின்னால் ஒடுக்குங்கள். முதல் முறை அரை மணி நேரம் ஆகலாம். கை பழகிவிட்டால் ஐந்து நிமிடம் தாராளம்.

திரும்ப விமானமாக்குவதுதான் பலரையும் படுத்தும். எல்லாம் முடிந்தது போல இருக்கும், ஆனால் காலுக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி மூடவே மூடாது. எல்லோரும் காலை அமுக்குவார்கள். குற்றவாளி கால் இல்லை, கை. தோள் அதன் குழிக்குள் முழுசாக இறங்காமலோ, முழங்கை ஒரு சுற்று தவறியோ, கைமுட்டி உள்ளே ஒடுங்காமலோ இருந்தால் கைகள் கால்களை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். காலை மறுபடி இறக்கி, இரண்டு கைகளும் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பின்பக்கத்திலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். அவை சரியானால் கால் தானாகவே போய் ஒட்டிக்கொள்ளும், பலம் தேவைப்படாது. இந்தப் பொம்மையில் எங்கே பலம் தேவைப்படுகிறதோ அங்கே அதற்கு முந்தைய படியில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

கெர்வாக்குக்கு வருகிறேன். உடம்பு விமானமாகவே இருக்கும். கால்கள் கீழே இறங்கி, முழங்கால் பின்பக்கம் துருத்தி, கோழிக்கால் போல நிற்கும். கைகள் பக்கவாட்டில். பார்த்தவுடன் சிரிப்பு வரலாம், ஆனால் என் கணக்கில் இந்தப் பொம்மையின் உச்சம் இதுதான். பொறியியலும் இங்கேதான் கடினம். ரோபோவில் முழங்கால் மனிதக் கால் போல ஒரு பக்கம் மடங்க வேண்டும், கெர்வாக்கில் அதற்கு நேர் எதிர்ப்பக்கம். ஒரே மூட்டு இரண்டு வேலையும் செய்கிறது, இரண்டு பக்கமும் இறுக்கமாக நிற்கவும் செய்கிறது. அதோடு பாதம் முன்னும் பின்னும் விரிந்து தரையைப் பிடிக்க வேண்டும். புகைமுனையை இரண்டாகப் பிளந்து பாதமாக்கிய யோசனை இங்கே கைகொடுக்கிறது.

நிற்கவைக்க ஒரு கணக்கு உண்டு. பாரத்தின் மையம் இறக்கையின் அடிப்பகுதிக்கு அருகில் இருக்கிறது. பாதம் அதற்கு நேர் கீழே வர வேண்டும். தொடையைப் பின்னுக்குச் சாய்த்து, முழங்காலுக்குக் கீழே அதே அளவுக்கு முன்னுக்குக் கொண்டுவந்தால் பக்கத்திலிருந்து பார்க்க '<' போலத் தெரியும். மூக்கு இடப்பக்கம் இருந்தால் '>' போல. கோணம் இரண்டிலும் சமமாக இருந்தால் பாதம் இடுப்புக்கு நேர் கீழே வரும். மூக்குப் பக்கம் சாய்கிறதா, பாதத்தை ஒரு விரல் அகலம் முன்னால் நகர்த்துங்கள். வால் பக்கம் சாய்ந்தால் பின்னால். இரண்டு கால்களையும் சற்றே அகட்டிவைத்தால் பக்கவாட்டு ஆட்டமும் நிற்கும். துப்பாக்கியை ஒரு கையில் கொடுத்து, இன்னொரு கையை முன்னால் நீட்டி வைத்துப் பாருங்கள், மேசையில் வேறு எதையும் பார்க்கத் தோன்றாது.

ரோபோ நிலைக்கு பேட்ராய்டு என்று பெயர். உயரம் 21 சென்டிமீட்டர் சுமார். தோள் அகலம், தலை சிறிசு, கால் நீளம். அனிமேஷனில் வரைந்த அளவுகள் பெரும்பாலும் வந்திருக்கின்றன. பழைய 1/55-ஐ இதன் பக்கத்தில் நிறுத்தினால் அது குட்டையாகவும் பருமனாகவும் தெரியும். குறை இடுப்பில். மூக்குதான் வயிறு என்பதால் இடுப்பைத் தாராளமாகத் திருப்ப வழியில்லை. ஓடுவது, குனிந்து சுடுவது போன்ற தோரணைகளில் கால்கள் ஒத்துழைக்கும், உடம்பு விறைப்பாகவே இருக்கும். கவாமோரியின் வடிவத்திலேயே உள்ள கட்டுப்பாடு இது, பொம்மை செய்தவரைக் குறை சொல்ல முடியாது.

குறை சொல்ல வேண்டிய இடம் தோள். இந்த வரிசையின் ஆரம்ப வெளியீடுகளில் தோள் கீல் விரிசல் விடுவது சேகரிப்பாளர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. காரணம் எளிது. தோள் வெறுமனே சுழலும் மூட்டு இல்லை. மார்புப் பக்கத்திலிருந்து அடிவயிற்றுக்குக் கையைக் கொண்டுபோவதும் அதே கீல்தான். இடம் குறைவு என்பதால் கீலின் நடுவே உள்ள பின் கம்பியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் வளையம் மெல்லிசு. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் அந்த வளையம் கொஞ்சம் கொஞ்சமாக விரிகிறது. ஒருநாள் வெள்ளைக் கோடு, அடுத்து விரிசல், அப்புறம் கை தனியாக. பிந்தைய வெளியீடுகளில் அந்தப் பாகத்தைத் திருத்தினார்கள். ஆரம்ப வெளியீடு கையில் இருந்தால், கையைப் பிடித்து இழுத்துத் திருப்பாமல் தோள்கட்டையையே இரண்டு விரலால் பிடித்து நகர்த்துங்கள். விரிசல் விட்டபின் சூப்பர் க்ளூவை நேராக ஊற்றுவது பெரிய தப்பு. பசை அந்தப் பின் கம்பியோடும் ஒட்டிக்கொண்டு மூட்டு இறுகிவிடும், அடுத்த திருப்பலில் முழுசாக உடையும்.

மூட்டு தளர்ந்துபோவதற்கு வேறு மருந்து. தளர்ந்த பந்து மூட்டைக் கழற்றி, பந்தின்மேல் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு மெல்லிய கோட், முழு இரவு காயவிட்டுத் திரும்ப மாட்டினால் பிடிப்பு வரும். போதாவிட்டால் இன்னொரு கோட். ஒரேயடியாகத் தடிமனாகப் பூசினால் பந்து குழிக்குள் போகாது. எதிர்மாறாக மூட்டு இறுகியிருந்தால் சிலிகான் கிரீஸ் ஊசிமுனை அளவு போதும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயோ கதவுக்குப் போடும் எண்ணெயோ விடாதீர்கள். ஒன்று பிசுக்காகித் தூசி பிடிக்கும், மற்றது பிளாஸ்டிக்கைக் காலப்போக்கில் நொறுங்கவைக்கும். வளைந்துபோன லேசர் குழாய்க்கு ஹேர் டிரையர் காற்றைச் சில நொடி காட்டி, நேராக்கி, குளிர்ந்த நீரில் முக்கினால் நிமிரும்.

வெள்ளை நிறப் பொம்மைகள் மஞ்சளாவது தனிச் சாபம். ஜெட்ஃபயர் இதற்குப் பேர்போனது. இன்று வெள்ளையாகக் கிடைக்கும் பழைய ஜெட்ஃபயர் அபூர்வம். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் வெயிலும் சூடும் பட்டு ஆக்ஸிஜனோடு வினைபுரிவதால் வரும் நிறம் அது. ஜன்னல் வெளிச்சம் நேராக விழும் அலமாரியில் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாகி இன்னும் அசிங்கமாக இருக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெயிலில் காட்டி வெளுக்கும் வழி இருக்கிறது. ஆனால் அச்சடித்த குறிகளும் வண்ணமும் சேர்ந்து வெளுக்கும் அபாயம் உண்டு, மஞ்சள் திரும்ப வரவும் செய்யும். இதற்காகவே முதன்முதலாக வாங்குகிறவருக்கு நான் சொல்வது பழுப்பு நிற வி.எஃப்-1ஏ. தொடரில் பெயர் தெரியாத விமானிகள் ஓட்டிவந்து முதல் காட்சியிலேயே வெடித்துச் சாகும் சாதா ரகம் அது. நாயகன் ஹிகாருவின் சிவப்புக் கோடு போட்ட வெள்ளை ஜே-யும், அவனுடைய மூத்த விமானி ராய் ஃபோக்கரின் மண்டையோட்டுச் சின்னம் வைத்த எஸ்-உம்தான் எல்லோருக்கும் வேண்டும், அதனால் விலையும் அங்கேதான் ஏறும். பழுப்பில் மஞ்சள் தெரியாது, ஒரே குழாய் என்பதால் தலை திருப்புவதும் சுலபம், கை பழக ஏற்றது.

யமாடோ காலத்துப் பொம்மைகளில் குறியீடுகளில் பெரும்பகுதி ஒட்டுத்தாளாக வரும், நாமே ஒட்ட வேண்டும். இறக்கையின் உள்விளிம்பில், பின்னால் ஒடுங்கும்போது உடம்புக்குள் நுழையும் பகுதியில் மட்டும் எதையும் ஒட்டாதீர்கள். பத்து முறை நகர்த்தினால் சுருண்டு உள்ளே போய்ச் சிக்கும். ஆர்காடியா பின்னர் குறிகளை அச்சிட்டே தந்த பதிப்புகளையும் வெளியிட்டது. விலை கூடுதல், ஆனால் ஒட்டும் பொறுமை இல்லாதவர்களுக்கு அது நியாயமான செலவு.

சூப்பர் பாகங்கள் என்று விண்வெளிக்கான கூடுதல் கவசம் உண்டு: முதுகில் இரண்டு பெரிய பூஸ்டர், கால்களுக்கும் கைகளுக்கும் உறை. விமான நிலையில் மாட்டினால் பிரமாதம். ரோபோவில் முதுகுப் பாரம் கூடி மல்லாக்க விழும். குதிகாலை நன்றாக விரித்து, உடம்பை முன்னால் சாய்த்தால் தாக்குப்பிடிக்கும். கெர்வாக்கில் தாங்கி இல்லாமல் நிற்கவைப்பது சர்க்கஸ். பூஸ்டர் மாட்டியபடியே மாற்ற முயலாதீர்கள். கழற்றி, மாற்றி, மறுபடி மாட்டுங்கள்.

குழந்தைக்கு வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம். விழுந்தால் எழுந்துகொள்ளும் பொம்மை இல்லை இது. பத்து வயதுப் பையனுக்குப் பழைய 1/55-ன் மறுவெளியீடு எவ்வளவோ மேல்: மூட்டுகள் தடிமன், படிகள் குறைவு, சத்தம் போட்டுக்கொண்டு வீடு முழுக்க ஓடலாம். மேசைமேல் வைத்து, மாலை நேரத்தில் எடுத்து, வேறொரு நிலைக்கு மாற்றிவைக்கிற பெரியவர்களுக்கானது இந்த 1/60.

பழசு வாங்குவதாக இருந்தால் பெட்டி நிலையைக் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். நான்கு படம் கேளுங்கள். இரண்டு தோள் கீல்களும் கிட்டத்தில், வளையம் முழுசாகத் தெரியும்படி. விமான நிலையில் அடிவயிறு, கால்களுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு என்று பார்க்க. ரோபோ நிலையில் எதன்மேலும் சாயாமல் தனியாக நிற்பது. நான்காவது, வெள்ளைப் பொம்மை என்றால் காலை இறக்கி, வெளிச்சமே படாத உட்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் ஒரே படத்தில். விற்பவர் ரோபோ நிலைப் படம் மட்டும் அனுப்பி, விமானமாக மாற்றிக் காட்டத் தயங்கினால், தோளில் ஏதோ இருக்கிறது.